ரோஷத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

1

கோபக்காரி என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்கு வந்து யாரைக் கேட்டாலும், சிரித்துக்கொண்டே வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கம்பெனிக் காகிதத்தில் ஏற்றி முத்திரை குத்தியது கனடா தேசம்தான். அது எப்படி நடந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்கு நானே சொல்லிவிடுவது நல்லது. அரைகுறையாகக் கேள்விப்பட்ட என் தம்பி, "அக்காவுக்கு மூளைல இன்னாவோ கோளாறாம், டாக்டராண்ட அனுப்பிக்கிறாங்களாம்" என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா வீடியோவில் ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டார்.

மூளை நன்றாக இருக்கிறது. நாக்குதான் சறுக்கிவிட்டது.

ஒன்டாரியோவில் ஒரு சின்ன நகரத்தில், கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் டை செட்டர். டை என்பது இரும்பு அச்சு. ராட்சத பிரஸ் அதன்மேல் இறங்கி எழும்போது தட்டையான தகடு கார்க் கதவின் கீலாகவோ சீட்டின் காலாகவோ வெளியே வரும். ஒரு பாகம் முடிந்து வேறு பாகம் ஓட்ட வேண்டுமென்றால் அச்சைக் கழற்றி வேறு அச்சைப் பூட்டி, உயரம் பார்த்து, முதல் பீஸ் சரியாக விழும்வரை நின்று திருத்த வேண்டும். அதுதான் என் பிழைப்பு. எங்கள் ஷிப்டில் செட்டர்களுக்கெல்லாம் லீடாக இருந்த கிழவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், அந்த இடத்துக்கு நான் விண்ணப்பம் போட்டேன். எங்கள் ஆலையில் அந்த நாற்காலியில் ஒரு பெண் இதுவரை உட்கார்ந்ததில்லை.

நேர்முகத் தேர்வுக்கு முன்னால் எச்.ஆரில் ஹெதர் என்ற அம்மாள் ஒரு சின்னப் பேச்சுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. மேசையில் ஒரு பூந்தொட்டி, இரண்டு பூனைகளின் படம். காபி கொடுத்தார். குளிரைப் பற்றிப் பேசினோம். பிறகு, "உன்னை முன்னால் தள்ளுவது எது?" என்று கேட்டார்.

எனக்கு மனதில் பதில் தயாராக இருந்தது. எங்கள் ஊரில் யாராவது சாதித்தால், 'ஒரு ரோஷத்துல படிச்சான்', 'ஒரு கோவத்துல ஊடு கட்டினான்', 'ஒரு வெறியோட தொழில் கத்துக்கினான்' என்றுதானே சொல்வோம்? அந்தக் கோவத்தை அப்படியே தூக்கி இங்கிலீஷில் போட்டேன்.

"ஆங்கர். ஐ ஒர்க் வித் ஆங்கர்."

ஹெதரின் பேனா நின்றது. எனக்குப் புரியவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"எவ்ரி டே. ஃபுல் ஆங்கர்."

2

மறுநாள் காலையில் என் அடையாள அட்டையைப் பிரஸ் கூடத்துக் கதவு ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. திருடியைப் போல நின்றேன். ஷிப்டு பொறுப்பாளர் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கோபத்தோடு இருப்பதாகத் தானே சொல்லும் ஒருவரை இவ்வளவு பெரிய இயந்திரத்துப் பக்கம் விடப் பாதுகாப்பு விதி இடம் கொடுக்காதாம். கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் மனநல ஆலோசகர் பார்த்து, 'இவரால் ஆபத்தில்லை' என்று கடிதம் தர வேண்டும். அது ஹெதருக்குப் போய், ஹெதரிடமிருந்து பாதுகாப்புக் குழுவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும்வரை நான் பாகங்களைப் பொறுக்கிப் பிரிக்கும் மேசைப் பக்கம் நிற்க வேண்டும். கடிதம் வராமல் லீட் வேலைக்கான நேர்முகத்திலும் உட்கார முடியாது. நேர்முகம் அந்த மாதக் கடைசியில்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் சேகர் சிரி சிரியென்று சிரித்தார். அவர் மீஞ்சூர்க்காரர். மீஞ்சூரில் சிரிப்பைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் கிடையாது.

"பேசாம பேஷன்னு சொல்லினு வந்துருக்கலாம் இல்ல? இங்க அல்லாரும் அத்தத்தான சொல்றானுங்க. ரொட்டி சுடறவன்கூட பேஷன்றான், குப்பை அள்றவன்கூட பேஷன்றான்."

"எனக்கு இன்னா பேஷன் கெடக்குது? காதுல தொங்கட்டானா போட்டுனுக்கிறேன்?"

"அந்த பேஷன் இல்லடி இது. வேற பேஷன்."

எந்த பேஷனாக இருந்தாலும் அது என் வாயில் வராது. விருப்பத்தோடு செய்கிறேன், ரசித்துச் செய்கிறேன் என்றெல்லாம் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்தது ரசித்து அல்ல. ரோஷத்தில் வந்தேன். அப்படித்தான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

3

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். கவரைப்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ் வரும். டிரெய்னி பெண்கள் எல்லாரும் பின்னால் ஏறுவார்கள். நான் மட்டும் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டைப் பிடிப்பேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் நாளே பிரஸ் கூடத்துச் சூப்பர்வைசர் தயாளன் சார் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"நீ இன்னாம்மா இங்க நின்னுகினுக்கிற? போ, பாக்கிங்ல போய் நில்லு. டை தூக்க ஒடம்பு வேணும்."

சுற்றி இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் என் கையைப் பார்த்தான், வளையலைப் பார்த்தான், மறுபடி சிரித்தான். நான் பாக்கிங்குக்குப் போய் நின்றேன். அன்று மதியம் கேண்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் ஒருவரை உசுப்பேற்ற வேண்டுமென்றால், "சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற?" என்று கேட்பார்கள். உப்புப் போட்டுத் தின்கிறவனுக்கு ரோஷம் இருக்க வேண்டும், சொன்ன சொல் சுருக்கென்று தைக்க வேண்டும். எனக்குத் தைத்தது. டை செட்டிங் கற்காமல் இந்த கேட்டை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பிறகு நடந்தவை எல்லாம் அந்த ஒரு சொல்லை எரித்து ஓட்டிய ஓட்டம்தான். செட்டர்கள் டீ குடிக்கப் போகும்போது நான் அச்சுக்குப் பக்கத்தில் நிற்பேன். போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குகிறார்கள், எந்தச் சத்தத்துக்கு நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பேன். திட்டுவார்கள். நகர்ந்து போய் வேறு பக்கத்திலிருந்து பார்ப்பேன். ஆடிக் கிருத்திகைக்குப் பாதிப் பேர் திருத்தணிக்குப் போய்விட்ட ஒரு நாள், செட்டர் இல்லாமல் லைன் நின்றது. வேறு வழியில்லாமல் என்னை விட்டார்கள். முதல் பீஸ் ஓரத்தில் பிசிறு தட்டியது. அச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு கொடுத்து மறுபடி இறக்கினேன். சுத்தமாக விழுந்தது. தயாளன் சார் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் ஓட்டச் சொல்லி கையெழுத்துப் போட்டார்.

பாராட்டியிருந்தால் அன்றே அடங்கியிருப்பேனோ என்னவோ. அவர் பாராட்டாததும் எனக்கு வசதியாகத்தான் போயிற்று.

4

கனடாவுக்கு வந்தபோதும் அதையேதான் செய்தேன். வந்த புதிதில், படிப்பை மதிப்பிடும் அலுவலகத்தில் ஒரு கவுண்டர்காரர் என் டிப்ளமோவைப் பார்த்தார். திருவள்ளூர் என்ற பெயரை நான்கு துண்டாக உடைத்து வாசித்தார். மெஷின் வேலைக்கு இது செல்லுமா என்று நான் கேட்டதற்கு, தயவோடுதான், கட்டடம் சுத்தம் செய்யும் பயிற்சிக்கான ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும் சேகர், "உடு, எதுனா ஒண்ணு கெடைக்கும்" என்றார்.

"எதுனா ஒண்ணு கெடைக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றேன்.

அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். பாலுக்காகத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். செட்டர் சான்றிதழுக்கான தேர்வுக்குப் படிக்கும்போது தூக்கம் வந்தால் எழுந்து போய் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். சுத்தம் செய்வது கேவலமான வேலை என்று நான் நினைக்கவில்லை. வந்த முதல் குளிர்காலம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் கேட்டது ஒன்று, அவர் தள்ளியது ஒன்று. அந்த வித்தியாசம் எனக்குப் படிக்க உதவியது.

சிலர் ஊறுகாய் போட்டு வைப்பதைப் போல நான் அவமானங்களைப் போட்டு வைத்திருந்தேன். சோர்வாக இருக்கும் நாளில் ஒரு ஜாடியைத் திறப்பேன். கவுண்டர்காரர் ஒரு ஜாடி. 'உன் உச்சரிப்பு பிரஸ் சத்தத்தில் யாருக்கும் புரியாது' என்ற ஒரு மேலாளர் இன்னொரு ஜாடி. ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்த ஜாடி, கும்மிடிப்பூண்டியில் தயாளன் சார் சொன்னதுதான். அந்தச் சான்றிதழை வாங்கிய அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள், 'எப்படி சார்?' என்றுதான் கேட்டேன்.

இப்படி வாழ்வது நல்லதா என்று கேட்டால், பலன் கிடைத்தது என்றுதான் சொல்வேன். கூடவே ராத்திரித் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதையும் மறைக்கக் கூடாது.

5

ஆலோசகர் நரைத்த முடியும் மெல்லிய குரலுமாக ஒரு பெண்மணி. கோபம் என்று நான் சொன்னது கோபம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க முயன்றேன். ரோஷத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று முந்தின நாளெல்லாம் தேடியிருந்தேன். ஒரு அகராதி கௌரவம் என்றது, ஒன்று சினம் என்றது, ஒன்று வெட்கம் என்றது. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் வருவதுதான் ரோஷம். அதை எப்படிச் சொல்வது? கடைசியில் ஊர்ப் பேச்சையே பிடித்துக்கொண்டேன்.

"எங்கள் ஊரில், சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற எல்லாருக்கும் இது இருக்கும்" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். "உப்பு அதிகம் சேர்ப்பீர்களா?"

"அளவாகத்தான்."

"ரத்த அழுத்தம் உண்டா?"

என் வாழ்க்கையின் பெரிய விஷயத்தைச் சொல்லப் போய் உப்புக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு தயாளன் சார் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்கு இது தெரியுமா? இத்தனை வருஷமாக நீங்கள் அவரோடு போட்டி போட்டுக்கொண்டிருப்பது?"

தெரியாது என்றேன். எங்கே இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது ஏனோ குரல் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் கடிதம் தர முடியும் என்று ஆலோசகர் சொன்னார். நேர்முகத்துக்கு முன்னால் கடிதம் கைக்கு வருமா என்ற பயத்தோடு பஸ் ஏறினேன்.

6

அதே வாரம் என் மகள் மது பள்ளிக்கூட வாலிபால் அணித் தேர்வுக்குப் போய்விட்டு வந்தாள். பத்தாவது படிக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் சோறு போட்டுக்கொண்டு, வெயில் அடித்தது என்பதைப் போலச் சொன்னாள்.

"செலக்ட் ஆவலம்மா."

"யாரு சொன்னது? இன்னா சொன்னாங்க?"

"கோச்தான். இந்த வருஷம் இல்லன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஓகேன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓகேவா? மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்றாங்க, நீ ஓகேன்னுட்டு வந்து சோறு துன்ற. உப்பு போட்டுத்தான ஆக்கி வெச்சிக்கிறேன்?"

மது தட்டைப் பார்த்தாள். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். "உப்பு கரெக்டாத்தான் கீது" என்றாள்.

சேகர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். போகும்போதே சிரிக்கிறார் என்பது தோளின் குலுக்கலில் தெரிந்தது. நான் மதுவுக்கு உட்கார்ந்து விளக்கினேன். யாராவது நம்மால் முடியாது என்று சொன்னால் அதை உள்ளே வாங்கி வைக்க வேண்டும், அதை வைத்துத்தான் மேலே வர வேண்டும், உன் அம்மா அப்படித்தான் வந்தாள். தயாளன் சார் கதை அவளுக்கு மனப்பாடம். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அவங்க என்னைத் திட்டலம்மா. என் செர்வ் சரியில்ல. அது எனக்கே தெரியும்."

"அப்ப ரோஷம் வரவேணாமா?"

"எல்லாத்துக்கும் யாராவது நம்பளத் திட்டணுமா? உன்ன யாருமே திட்டலன்னா நீ இன்னாம்மா பண்ணியிருப்ப?"

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இந்தப் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறோம். பாஷை போகிறது, பழக்கம் போகிறது என்கிறோம். எனக்கு அன்று பயமாக இருந்தது வேறு. என்னை இத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வந்த பொருளைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து நீட்டினால், அவள் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை.

7

தம்பியிடம் சொல்லி தயாளன் சாரின் எண்ணை வாங்கினேன். ஓய்வு பெற்று பொன்னேரியில் இருக்கிறாராம். சனிக்கிழமை காலையில், அங்கே சாயங்காலம், கூப்பிட்டேன். பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னேன்.

"பரிமளாவா? நம்ம பரிமளாவா? கவரைப்பேட்டலேர்ந்து பஸ்ல மொத சீட்டப் புடிச்சிகினு வருமே, அந்தப் பொண்ணுதான? எங்கம்மா கீற?"

கனடா என்றேன். டை செட்டர் என்றேன். சந்தோஷப்பட்டார். வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "நம்ம கம்பெனிப் பொண்ணு, கனடாவுல செட்டராக்கீதாம்" என்று சொன்னார். நான் விடவில்லை. பாக்கிங்கில் போய் நிற்கச் சொன்னதைக் கேட்டேன். டை தூக்க உடம்பு வேண்டும் என்று சொன்னதைக் கேட்டேன்.

"அப்டியா சொன்னேன்?" என்று சிரித்தார். "ஞாபகம் இல்லம்மா. சொல்லியிருப்பேன். அப்ப வாய் அப்டித்தான் எனக்கு. ஆனா மொத நாள் நீ இன்னா பண்ணன்னு ஞாபகம் கீது."

"இன்னா பண்ணேன்?"

"பெரிய பிரஸ்ஸு ஓடிக்கினு கீது. மத்த பொண்ணுங்க அல்லாம் காதப் பொத்திகினு ஓரமா நிக்குதுங்க. நீ மட்டும் வாயப் பொளந்துகினு நேரா பிரஸ்ஸாண்ட போய்க்கினே கீற. மஞ்சக் கோட்டத் தாண்டிட்ட. எனக்கு ஈரக்கொல ஆடிப்போச்சு. அன்னிக்கி உன்ன அங்கேர்ந்து எப்டியாவது தொரத்தணும்னுதான் பாத்துருப்பேன்."

அவர் விடாமல், அங்கே எத்தனை டன் பிரஸ் ஓடுகிறது, அச்சை கிரேனில் தூக்குகிறீர்களா வண்டியில் தள்ளுகிறீர்களா என்று கேட்டார். சொன்னேன். ஒரு அச்சு மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அவ்ளோ நேரமா?" என்றார். "நம்ம பசங்க அத்தவிட சீக்கிரம் போட்ருவானுங்களேம்மா."

சுருக்கென்றது. போனை வைத்த பிறகும் அரை மணி நேரம், எங்கள் அச்சு எவ்வளவு பெரிது, பாதுகாப்பு விதிகள் எத்தனை என்று சுவரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். சேகர் எட்டிப் பார்த்தார். "புதுசா ஒரு ஜாடி போட்டுக் குடுத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

8

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் புது ஜாடி இல்லை. மஞ்சள் கோடு.

பிரஸ் கூடத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். வேலை தெரியாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது. அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தரை அதிர்ந்து அந்த அதிர்வு செருப்பு வழியாக முழங்காலுக்கு ஏறியது. எண்ணெய் வாசனை. அவ்வளவு பெரிய இரும்பு மெதுவாக எழுந்து, ஒரு கணம் நின்று, சொன்ன இடத்தில் இம்மி பிசகாமல் இறங்கியது. இதை நான் ஓட்ட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நினைத்துவிட்டேன். ஆசை முதலில் வந்தது. அவமானம் பிறகு வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷமும் வண்டியை ஓட்டியது யார் என்பதையே நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் அப்படி? யோசித்தேன். எங்கள் வீட்டில் 'எனக்கு வேணும்' என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் அந்தப் பேச்சு யார் காதிலும் ஏறாது. மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று நைனாவிடம் ஒரு கோடை முழுக்கக் கேட்டேன். அவர் நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். ஒரு நாள் எங்கள் பங்காளி ஒருவர் வரப்பில் நின்று, "பொட்டப் புள்ளைய ஸ்பேனர் புடிக்க உட்டுட்டு, கழனிக்கு ஆள் தேடப் போறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நைனா மண்வெட்டியை அங்கேயே போட்டார். மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு போய் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். என் ஆசையால் அசைக்க முடியாத மனுஷனைப் பங்காளியின் ஒரு வார்த்தை அசைத்தது. அன்றே நான் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டேன் என்றால் 'பொம்பளைக்கு எவ்ளோ ஆசை பார்' என்பார்கள். ரோஷப்பட்டேன் என்றால் 'பலே' என்பார்கள். அதனால் என் ஆசைகளுக்கெல்லாம் ரோஷத்தின் சட்டையைப் போட்டு வெளியே அனுப்பினேன். காலப்போக்கில் சட்டைக்குள் இருப்பது யார் என்று எனக்கே மறந்துபோயிற்று.

ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சோர்ந்து விழும்போது அது என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதற்கு எப்போதும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பொன்னேரியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் சந்தோஷமாக இருந்துவிட்டால், நாம் யாரோடு ஓடுவது? அடுத்த தடவை ஆலோசகரைப் பார்த்தபோது இதையெல்லாம் என் இங்கிலீஷில் முடிந்த அளவு சொன்னேன். இந்தத் தடவை அவர் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கடிதம் கொடுத்தார்.

9

கடிதம் மேசை மேசையாகப் பயணம் செய்து, நேர்முகத்துக்கு முந்தின நாள் பாதுகாப்புக் குழுவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கதவில் பச்சை விளக்கு எரிந்தது.

நேர்முகத்தில் மூன்று பேர். ஹெதர், ஆலை மேலாளர், ஓய்வு பெறப்போகும் லீட். வேலைக் கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னேன். ஹெதர் இந்தத் தடவை ஜாக்கிரதையாக அந்தக் கேள்வியைத் தொடவில்லை. நானே தொட்டேன். "முன்பு நான் சொன்ன சொல் தப்பு" என்றேன். ரோஷம் என்ற வார்த்தையைச் சொன்னேன். அவர்கள் மூன்று பேரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்கள். மேலாளர் வாயில் அது ரோஜாவைப் போல ஏதோ ஆயிற்று. கோபம் என்றால் எதிராளியை அடிக்கத் தோன்றும், இது வந்தால் வேலையைச் செய்யத் தோன்றும் என்று விளக்கினேன்.

மேலாளர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "நீ லீட் ஆனால் உன் கீழே ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ரோஷம் இல்லாவிட்டால் என்ன செய்வாய்? வரவழைப்பாயா?"

மதுவின் தட்டு கண்ணில் வந்தது. தயாளன் சாரின் குரலும் வந்தது.

"வரவழைக்க மாட்டேன்" என்றேன். "என்னிடம் சொல்லப்பட்டதைப் போல நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எந்த வேலை பிடித்திருக்கிறது என்று பார்த்து அதைக் கையில் கொடுப்பேன். பீஸைக் கெடுத்தால் பக்கத்தில் நிற்பேன்."

நன்றாகத்தான் சொன்னேன் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் மதுவிடம், செர்வ் எப்படிப் போட வேண்டும் என்று காட்டச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தில் காட்டினாள். அவள் எனக்குக் காட்ட வேண்டும் என்று நான் கேட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பந்து பக்கத்து வீட்டு வேலிக்குள் விழுந்தது. "உனக்கும் ஒடம்பு வேணும்மா" என்றாள். இருவரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் பிரஸ் கூடத்தில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தபோது ஹெதர் காதில் அடைப்பானோடு வந்து, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்களை மேய்த்த அனுபவம் அதிகம் உள்ள ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல அவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். நேரில் வந்ததற்கு அவரை நான் மதிக்கிறேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன். ஹெதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோபமாக இருக்கிறாயா?"

உள்ளே தேடிப் பார்த்தேன். வேலை கிடைத்தவர் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன். நல்ல ஆள், வேலை தெரிந்தவர். மேலாளர் மேல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஜாடியில் போட்டுவைக்க யாரும் எதையும் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு ஆள்கூட இல்லாமல் நின்றது எனக்கு இதுவே முதல் தடவை. ஆனாலும் உள்ளே இருந்தது இருந்த இடத்திலேயே இருந்தது.

"இல்லை" என்றேன். "எனக்கு அந்த வேலை வேண்டும்."

பிரஸ் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதருகே குனிந்து இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது ஷிப்டிலும் லீட் இடம் ஒன்று வரப்போகிறது, ஆனால் இன்னும் அறிவிக்கவில்லை என்றார். அறிவிக்கும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை, இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.